சுடுதண்ணீர் தாமதமாக வந்த வீடு

வரும் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மேசை வேலை. உயரமான குடியிருப்புகளுக்குக் குழாய் வரைபடம் போடும் பிரிவுக்கு நானே கேட்டு மாற்றல் வாங்கியிருக்கிறேன். வீடுகளுக்குள் போய்ப் பார்க்கும் இந்த வேலை இனி புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருடையது. எந்தக் குழாய்க்கு எந்த அளவு, எந்த மோட்டாருக்கு எவ்வளவு அழுத்தம் என்பதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். மறந்தால் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதில் இல்லாத சிலவற்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

மாற்றல் உறுதியான நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போகும்போது வெளியே தெரியும் வீடுகளின் பக்கச் சுவர்களைப் பார்க்கிறேன். குழாய் எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, கடைசிக் குளியலறை எந்த மூலையில் இருக்கும் என்று கண் தானாகவே தேடுகிறது. காலை நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டின் கொல்லைப்புறம் வரை நம்மை அனுமதிக்கிறார்கள். நனைந்த சோப்பு வாசனை, குக்கர் சத்தம், சீருடை தேடும் பிள்ளைகள். இது எனக்கு இனி கிடைக்காது. நானே கேட்டு வாங்கிய மாற்றல்தான். இருந்தாலும் கிடைக்காது என்பது உறுத்துகிறது.

உங்களுக்கு வரும் புகார்களில் பாதி ஒரே புகாராகத்தான் இருக்கும்: "கடைசி பாத்ரூமுக்கு சுடுதண்ணி வர லேட்டாகுது." தாமதம் மூன்று இடங்களில் நடக்கும். முதலாவது, குழாய். ஹீட்டருக்கும் குளியலறைக்கும் நடுவே குழாயில் நிற்கும் பச்சைத்தண்ணீர் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் சூடு வரும். இரண்டாவது, சுவிட்ச். நம் ஊரில் யாரும் ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டு வைப்பதில்லை. குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைத்து, அணைத்தோமா என்று இன்னொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவோம். அதனால் குழாயைத் திறக்கும்போது ஹீட்டரே இன்னும் சூடாகியிருக்காது. மூன்றாவது, ஆள். அதை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் குளிக்கும் நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். எத்தனை பேர் வந்து பார்த்தும் அவர் குளியலறைக்குச் சூடு வரவில்லை. நான் போய் நின்றபோது அவர் குழாயை நூல் போலத் திறந்து வைத்துவிட்டு, கைகட்டிக் காத்திருந்தார். அப்படி ஒழுகினால் வழியிலேயே சூடு ஆறிவிடும்.

"முழுசாத் திறங்க சார்."

"தண்ணி வேஸ்ட் ஆகுமேம்மா."

"அடியில பக்கெட் வைங்க. முதல்ல வர்றதைத் துணிக்கு எடுத்துக்கலாம்."

திறந்தார். சீக்கிரமே சூடு வந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதைச் சொல்றதுக்கு ஒரு எஞ்சினியரா?" என்றார். வெளியே வந்ததும் ஜோசப் அண்ணன், "பேசாம ஒரு பைப்பை மாத்திக் குடுத்திருந்தா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாரு மேடம்" என்றார். ஜோசப் அண்ணனை உங்களுக்குத் தெரியும். இரும்புலியூர்க்காரர், நம் குழுவின் மூத்த பிளம்பர். இனி உங்களோடும் வருவார். அவர் கிண்டலுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

உண்மையில் எழுத நினைத்தது செம்பாக்கம் வீட்டைப் பற்றி.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள நீளமான வீடு அது. அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டது. இப்போது கடைகளும் வாடகை வீடுகளுமாக இருக்கிறார்கள். அப்பா இருந்தவரை ஒரே வீடு. அவர் போன பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் காம்பவுண்டுச் சுவர் எங்கே வருவது என்பதில் பேச்சு முற்றி, முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று ஆகிவிட்டது. கரண்ட் மீட்டரைப் பிரித்தார்கள். கிணற்று மோட்டாரைப் பிரித்தார்கள். நடுவில் இருந்த கதவைப் பூட்டி அதன்மேல் ஆளுக்கொரு பக்கம் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டார்கள். பிரிக்காமல் விட்டுப்போனது ஒன்றுதான். அப்பா முன்பக்கத்தில் மாட்டிய பெரிய ஹீட்டரிலிருந்து பின்பக்கக் குளியலறை வரை ஓடும் சுடுதண்ணீர்க் குழாய்.

நம்மை அழைத்தவர் தம்பி, பாபு. முதல் நாளே வாசலில் நின்று சொன்னார்.

"ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டினா முடிஞ்சு போச்சு மேடம். என் வொய்ஃப் தான் எஞ்சினியர் வந்து பார்த்து சொல்லட்டும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. பாத்துட்டு சீக்கிரம் சொல்லுங்க."

அவர் மனைவி சுமதி ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கையில் டிபன் பையோடு நின்றிருந்தார்.

ஜோசப் அண்ணன் பக்கத்துச் சந்தில் நடந்து குழாயைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னா மேடம் இது, பைப் போட்டுகிறாங்களா, ரயில் தண்டவாளம் போட்டுகிறாங்களா? தாம்பரத்துல ஏறினா பல்லாவரத்துல எறங்கலாம் போலகீது."

மறுநாள் காலை பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். மழைக்காலம். சந்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பின்பக்கக் குளியலறையின் வென்டிலேட்டரும் முன்பக்கச் சமையலறை ஜன்னலும் அதே சந்தைப் பார்த்துத்தான் இருந்தன. அந்தச் சுவர் வழியாகத்தான் குழாயும் ஓடியது. நான் துணி துவைக்கும் கல்லருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குளியலறைக்குள் பாபுவின் மகள் யாழினி. மூன்றாம் வகுப்பு. ஸ்டூலில் ஏறியிருக்க வேண்டும், வென்டிலேட்டர் கண்ணாடிக்கு நடுவே நெற்றி தெரிந்தது.

"பெரிம்மா! சுவிட்ச்!"

முன்பக்க ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "போட்டாச்சு கண்ணு. குழாயைத் தொறந்து பக்கெட்டை வை."

"வச்சிட்டேன்."

"இன்னைக்கு என்ன டெஸ்ட்டு?"

"தமிழ். மனப்பாடப் பாட்டு."

"எங்க, சொல்லு பாப்போம்."

யாழினி முதல் வரியைச் சொன்னாள். பிறகு இருமினாள்.

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

"டீச்சர்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா? இன்னொரு தடவ சொல்லு. துண்டைத் தோள்ல போட்டுக்கோ மொதல்ல."

மறுபடியும் முதல் வரி. இந்த முறை இரண்டாவதும் வந்தது.

"பெரிம்மா, வெதுவெதுன்னு வருது."

"அதை ஊத்திக்காத. நல்லா சூடு வரட்டும், அப்புறம் விளாவிக்கலாம். டிபனுக்கு என்ன?"

"இட்லி."

"தொட்டுக்க?"

"பொடி. நீ என்ன செஞ்ச?"

"வடகறி."

"எனக்கு?"

முன்பக்கத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சூடு வந்துச்சா, பாரு," என்றது குரல்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்கத்தான் நான் அங்கே நின்றிருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஜோசப் அண்ணன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தண்ணி வர்றதுக்குள்ள ஒரு நாள் குடும்பமே நடந்து முடிஞ்சிடுச்சு மேடம்" என்றார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சொல்பவர், அன்று சிரிக்கவில்லை.

ஹீட்டரைச் சோதிக்க முன்பக்கம் போனேன். அண்ணன் மனைவி லலிதா அக்கா கதவைத் திறந்தார். யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது சுமதி வேலைக்குப் போனதால், வளர்த்தது பெரும்பாலும் இவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இவருடைய மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். கதவு மூடப்பட்ட பிறகு யாழினி இந்தப் பக்கம் வருவதில்லை. இவரும் போவதில்லை. காலையில் சூடு வரும்வரை ஜன்னல் வழியாகப் பேசுவது மட்டும்தான் மிச்சம். அண்ணன் தம்பி இருவருக்கும் அது தெரியும். சுவிட்ச் போடச் சொல்வதற்கு யாரும் தடை சொல்ல முடியாதே.

காபியை என் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"அந்தப் பக்கம் ஹீட்டர் மாட்டறீங்களாமே?"

"இன்னும் முடிவாகலக்கா. பார்த்துத்தான் சொல்லணும்."

"சுவர் தாங்காதுன்னு சொல்லிடேன்மா."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"நீ சொன்னா பாபு கேட்டுப்பான். படிச்ச பொண்ணு, எஞ்சினியரு. ஒயரிங் சரியில்ல, சுவர் தாங்காதுன்னு ஏதோ ஒண்ணு சொல்லு. உனக்கு என்ன போச்சு? தண்ணி கொஞ்சம் மெதுவா வந்தா வரட்டுமே."

இப்படிக் கேட்பவர்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள். பெரும்பாலும் சில்லறை விஷயமாக இருக்கும். மேல்மாடிக்காரனுக்கு முடியாது என்று சொல்லுங்கள், வாடகைக்காரனுக்கு முடியாது என்று சொல்லுங்கள் என்பார்கள். அதை மறுப்பது சுலபம். இங்கே கேட்டவர் மீது எனக்கு மரியாதை இருந்தது. அவர் கேட்டது நியாயம் என்றுகூடத் தோன்றியது. நின்றபடியே மனதில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன்.

சுவர் தாங்கும். அது செங்கல் சுவர், நானே தட்டிப் பார்த்திருந்தேன். நான் தாங்காது என்றால் பாபு வேறு ஆளைக் கூப்பிடுவார், அவன் வந்து அரைமணியில் மாட்டிவிட்டுப் போவான். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அந்த வீட்டில் நம்பமாட்டார்கள். இதெல்லாம் தொழில் கணக்கு. இவற்றைவிடப் பெரியது அந்த இருமல். யாழினிக்கு மூச்சிரைப்பு உண்டு, வருடம் முழுக்கச் சுடுதண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழைநாளில் ஈரத் தரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். வேறு வழி உண்டா என்றும் யோசித்தேன். பொத்தானை அழுத்தினால் சுடுதண்ணீரை வேகமாக இழுத்து வரும் சின்ன பம்ப் ஒன்று வைக்கலாம், குழாய் பொதுவாகவே இருக்கும். ஆனால் அதிலும் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடும். அவர் காப்பாற்ற நினைத்தது குழாயை அல்ல, தாமதத்தை. தாமதத்தைப் பத்திரமாக வைத்துக்கொடுக்கும் கருவி எதுவும் நம்மிடம் இல்லை.

"சுவர் தாங்கும்க்கா," என்றேன். "தாங்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார்.

"சுமதி அக்காகிட்ட நீங்களே சொல்லலாமே," என்றேன்.

"என்னன்னு சொல்றது? உன் பொண்ணு குளிர்ல நின்னாலும் பரவால்ல, என்கிட்ட பேசட்டும்னா?" என்றவர் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஆறிடும், குடி."

பின்பக்கம் திரும்பிப் போனபோது பள்ளிக்கூட வேன் போயிருந்தது. சுமதி வேலைக்குக் கிளம்ப நின்றிருந்தார். இரண்டு வழிகளையும் சொன்னேன். பம்ப், அல்லது தனி ஹீட்டர். பம்ப் வைத்தால் சுவிட்ச் அந்தப் பக்கமே இருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"அக்கா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

ஒரு பக்கத்தில் கேட்டதை மறு பக்கத்துக்குக் கொண்டுபோவதில்லை என்பது நான் வைத்துக்கொண்டிருந்த விதி. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

"சொல்லாட்டியும் எனக்குக் காது கேக்கும் மேடம். தினம் அடுப்படியில நின்னு ரெண்டு பேர் பேசறதையும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். போன வருஷமே இவர் ஹீட்டர் வாங்கறேன்னாரு. நான்தான் கரண்ட் பில்லு ஏறும், இடம் பத்தாது, எஞ்சினியர் பாக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்லித் தள்ளிக்கிட்டே வந்தேன்." மழையைப் பார்த்தார். "இனிமே தள்ள முடியாது. போன வாரம் யாழினிக்கு மூச்சு வாங்கி, ராத்திரி பூரா நெபுலைசர் வச்சோம். இந்த மழையில இவளை நிக்க வைக்க எனக்கு மனசில்ல. பம்ப்பு வேணாம். நாளைக்கே அண்ணன் தம்பி அந்த சுவிட்சுக்கும் ஒரு சண்டை போடுவாங்க. தனியாவே மாட்டிடுங்க."

"இதை லலிதா அக்காகிட்ட நான் சொல்லலாமா?"

"வேணாம். நான் சொல்றேன்."

'நான்தான் தள்ளிக்கிட்டே வந்தேன்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஓடவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. வேலையில் மிகவும் கடினம் எது என்று நீங்கள் என்னைக் கேட்டால், சுவரைத் துளைப்பதையோ அடைப்பைக் கண்டுபிடிப்பதையோ சொல்லமாட்டேன். சந்தின் இந்த முனையிலும் அந்த முனையிலும் இருப்பவர்கள் ஒன்றையே நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்பதைத்தான் சொல்வேன்.

இரண்டு நாள் கழித்து ஹீட்டரை மாட்டினோம். சின்னதுதான், ஒரு குளியலறைக்குப் போதுமானது. பாபு குழாயைத் திறந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "உடனே வருதே" என்றார். "இதுக்கா இவ்ளோ நாள்?" என்று மனைவியைப் பார்த்தார். சுமதி பக்கெட்டை நகர்த்தி வைத்தார். யாழினி பள்ளியில் இருந்தாள்.

பழைய குழாயை அப்படியே விட்டுவிட முடியாது. ஓடாத குழாயில் தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போகும், அந்தத் தண்ணீர் முன்வீட்டுக் குழாய்களிலும் கலக்கும். ஹீட்டர் இருக்கும் இடத்திலேயே வெட்டி அடைக்க வேண்டும். ஒரு வால்வு வைத்து மூடிவிட்டால் என்ன, என்றைக்காவது திறந்துகொள்ளலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அது தப்பான வேலை. நீங்களும் செய்யாதீர்கள். ஜோசப் அண்ணனிடம் வெட்டச் சொன்னேன்.

அவர் ஏணியில் நின்று வெட்டும்போது லலிதா அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் மிச்சம் இருந்த தண்ணீர் வடிந்து தரையில் ஓடியது. அவரே துணி கொண்டுவந்து துடைத்தார்.

"அங்க சூடா வருதா?" என்றார்.

"வருதுக்கா."

"நல்ல சூடா?"

"நல்ல சூடா."

"ம். புள்ள குளிர்ல நிக்க வேண்டியதில்ல." துணியைப் பிழிந்தார். "நேத்து சாயங்காலம் சுமதி சந்துல வந்து நின்னா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. ரெண்டு பேரும் மழையைப் பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் இவர் வண்டிச் சத்தம் கேட்டுச்சு, அவ உள்ள போயிட்டா."

கிளம்பும் முன் மிச்ச வேலைகளைச் சொல்வது என் வழக்கம். அடைத்த இடம் ஒழுகுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். போர்வெல் தண்ணீர் என்பதால் ஹீட்டருக்குள் உப்பு படியும், வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். கடைசியாக ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெரிய ஹீட்டர் ஒரு கூட்டுக் குடும்பத்துக்காக வாங்கியது. இனி இரண்டு பேர்தான். அவ்வளவு தண்ணீரைச் சூடாக்கினால் மின்சாரம் வீண்.

"இதைக் கழட்டிட்டு சின்னதா ஒண்ணு போட்டுக்கலாம்க்கா. உங்க ரெண்டு பேருக்கு அது போதும். இன்னைக்கே கழட்டணும்னாலும் ஜோசப் அண்ணன் இருக்காரு."

அவர் தலையை நிமிர்த்தி ஹீட்டரைப் பார்த்தார். அடுத்து ஜன்னலைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகியிருக்கவில்லை.

"இருக்கட்டும்மா," என்றார். "இதுவே இருக்கட்டும்."

வாசலில் ஜோசப் அண்ணன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னா மேடம், பெருசைக் கழட்டிரலாமா?"

"வேணாம்ண்ணா. இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டு பேருக்கு எதுக்கு மேடம் இம்மாம் பெருசு?"

"ரெண்டு பேருக்கு இல்லண்ணா," என்றேன்.

அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.